அமெரிக்க ஓவிய இயக்கங்கள்: யார் காசு, எந்தச் சுவர்?

நெய்தல் எழுதியது:

அமெரிக்க ஓவியத்தைப் பற்றித் தமிழில் கிடைக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகின்றன. ஹட்சன் ஆற்றுப் பள்ளி, யதார்த்தவாதம், ஆஷ்கேன், வட்டார ஓவியம், அரூப வெளிப்பாட்டுவாதம், பாப் ஆர்ட், மினிமலிசம். ஒவ்வொன்றும் முந்தையதை எதிர்த்துப் பிறந்தது, எல்லாமே வண்ணத்தைச் சொட்டவிட்டு அரூப ஓவியம் வரைந்த ஜாக்சன் பொல்லாக்கிடம் போய்ச் சேரத்தான் நடந்தது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். இந்த வரிசையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு படத்துக்கு யார் பணம் கொடுத்தார், அது எந்தச் சுவருக்காக வரையப்பட்டது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். வரலாறு வேறு மாதிரித் தெரியும். அதைப் பேசத்தான் இந்த இழை.

ஹட்சன் ஆற்றுப் பள்ளியின் முன்னோடி தாமஸ் கோலிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்தில் 1801இல் பிறந்து 1818இல் அமெரிக்கா போனவர். 1825இல் ஹட்சன் ஆற்றோடு மேலே போய் கேட்ஸ்கில் மலைகளை வரைந்தார். ‘பேரரசின் போக்கு’ என்ற அவருடைய ஐந்து படத் தொடரை வரையச் சொன்னவர் லூமன் ரீட், நியூயார்க்கில் மொத்த வியாபாரத்தில் சம்பாதித்தவர். தன் வீட்டு மாடியில் வைத்திருந்த கலைக்கூடத்துக்காகக் கேட்டார். ஒரே நிலப்பரப்பு காடாக, மேய்ச்சல் நிலமாக, பளிங்கு நகரமாக, எரியும் நகரமாக, கடைசியில் பாழாக மாறுகிறது. 1836இல் தொடர் முடிவதற்குள் ரீட் இறந்துவிட்டார். ஒரு தனி மனிதரின் அறையில் உட்கார்ந்து ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படிக்க வேண்டிய படங்கள் அவை. பேரரசுகள் அழியும் என்ற எச்சரிக்கையை ஒரு வியாபாரி தன் வீட்டுச் சுவருக்குக் கேட்டு வாங்கியிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கோலின் மாணவர் ஃபிரெடெரிக் சர்ச் வேறு வழியில் போனார். 1859இல் ‘ஆண்டிஸின் இதயம்’ படத்தை நியூயார்க்கில் தனியாகக் காட்சிக்கு வைத்து, தலைக்கு 25 சென்ட் கட்டணம் வாங்கினார். சுமார் 10 அடி அகலமான கேன்வாஸ், ஜன்னல் போன்ற கனத்த மரச் சட்டம், இருபுறமும் திரைச்சீலை. 12,000 பேருக்கு மேல் வந்தார்கள். நுணுக்கங்களைப் பார்க்கச் சிலர் நாடகக் கண்ணாடி கொண்டுவந்தார்கள். படம் 10,000 டாலருக்கு விற்றது. அந்த இலைகளும் பூக்களும் அத்தனை துல்லியமாக இருப்பதற்கு சர்ச்சின் அறிவியல் ஆர்வம் காரணம் என்பார்கள். இயற்கை அறிவியலாளர் ஹம்போல்ட்டைப் படித்துவிட்டுத் தென் அமெரிக்கா போனவர்தான், மறுக்கவில்லை. ஆனால் 25 சென்ட் கொடுத்தவர் படத்தின் முன் நெடுநேரம் நிற்க வேண்டும் என்ற தேவையும் அந்த இலைகளில் இருக்கிறது.

அப்புறம் அரசாங்கம் வருகிறது. தாமஸ் மொரானின் யெல்லோஸ்டோன் படத்தை 1872இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே 10,000 டாலருக்கு வாங்கியது. இதற்கு நேர்மாறாக, பிலடெல்பியாவின் தாமஸ் ஈக்கின்ஸ். அவருடைய ‘கிராஸ் கிளினிக்’ (1875) ஒரு பேராசிரியர் தொடை எலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டே மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதைக் காட்டுகிறது; கையில் ரத்தம். யாரும் வரையச் சொல்லவில்லை. 1876 அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டு விழாக் கண்காட்சியின் கலைப் பிரிவு ஏற்க மறுத்ததால், ராணுவ மருத்துவமனையின் மாதிரிக்கூடத்தில் மாட்டினார்கள். பிறகு ஒரு மருத்துவக் கல்லூரியின் முன்னாள் மாணவர்கள் 200 டாலருக்கு வாங்கினார்கள். 2006இல் அதே படத்துக்கு 6.8 கோடி டாலர் விலை பேசப்பட்டபோது, ஊரை விட்டுப் போகக் கூடாது என்று பிலடெல்பியாக்காரர்கள் நிதி திரட்டித் தக்கவைத்தார்கள்.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அரசே சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. 1935 முதல் 1943 வரை நடந்த ஃபெடரல் கலைத் திட்டத்தில், பின்னாளில் அரூப ஓவியத்தில் பெயர்பெற்ற பொல்லாக், ராத்கோ, லீ கிராஸ்னர் எல்லோரும் வாரக் கூலிக்கு வரைந்தவர்கள். டி கூனிங்கும் இருந்தார். குடியுரிமை இல்லாததால் 1937இல் வெளியேற வேண்டியதாயிற்று. வரைந்தவை அரசுக்குச் சொந்தம். போர்க்காலத்தில் கிடங்கில் கிடந்த பல கேன்வாஸ்களை எடைக்குப் போட்டார்கள். பின்னாளில் கோடிகளுக்கு விலைபோன தலைமுறை இந்தக் கூலியில்தான் முழுநேரம் வரையப் பழகியது. எந்த இயக்கத்தின் பெயரிலும் இந்தச் செய்தி இல்லை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

செம்புலம் எழுதியது:

நல்ல இழை நெய்தல். ஆனால் பணத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்கப் போனால், ஒருவர் எப்படி வரையக் கற்றார் என்பது விட்டுப்போகிறது. கை என்று ஒன்று இருக்கிறதே. அது ஆசிரியரிடமிருந்து வருகிறது.

ஈக்கின்ஸையே எடுங்கள். பென்சில்வேனியா அகாதெமியில் உடற்கூறு, பிணப் பரிசோதனை, நிர்வாண மாடல் என்று கடுமையாகப் பயிற்றுவித்தவர். பெண்களும் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடைத்துணியை எடுத்துவிட்டார் என்பதால் 1886இல் பதவி விலக வைத்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் அவருடைய மாணவர் தாமஸ் ஆன்ஷட்ஸ். ஆன்ஷட்ஸிடம் படித்தவர் ராபர்ட் ஹென்ரை. ஹென்ரையைச் சுற்றித்தான் ஜான் ஸ்லோன், கிளாக்கன்ஸ், லக்ஸ், ஷின் ஆகியோர் சேர்ந்தார்கள். 1908இல் நியூயார்க் மேக்பெத் கேலரியில் நடந்த ‘எட்டுப் பேர்’ கண்காட்சியும், நகரத் தெருக்களை வரைந்த ஆஷ்கேன் பள்ளி என்று நாம் சொல்வதும் அங்கிருந்துதான். ஹென்ரையிடம் நியூயார்க்கில் படித்தவர்கள் ஜார்ஜ் பெல்லோஸும் எட்வர்ட் ஹாப்பரும். ஆக, ‘கிராஸ் கிளினிக்’கின் மேலிருந்து விழும் கடும் வெளிச்சத்துக்கும் ‘நைட்ஹாக்ஸ்’ (1942) உணவகத்தின் வெளிச்சத்துக்கும் நடுவே நான்கு தலைமுறை ஆசிரியர்–மாணவர் தொடர்ச்சி இருக்கிறது. இயக்கங்களின் பெயர்ப் பட்டியல் இந்தக் கோட்டை ஏழெட்டுத் துண்டாக வெட்டிவிடுகிறது என்பதில் உங்களோடு எனக்கு உடன்பாடுதான்.

இன்னொரு சங்கிலி இதைவிட முக்கியம். வட்டார ஓவியத்தின் தலைமகன் தாமஸ் ஹார்ட் பெண்டன்; பொல்லாக்கின் ஆசிரியர். பாடப்புத்தகம் இருவரையும் எதிரெதிரே நிறுத்தும்: ஒருவர் மிஸ்ஸூரி விவசாயிகளை வரைந்தவர், மற்றவர் உருவமே வேண்டாம் என்றவர். ஆனால் பெண்டன் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது என்ன? படம் முழுக்கச் சில செங்குத்துத் தண்டுகளை மனதுக்குள் ஊன்றி, அவற்றைச் சுற்றி வளைவுகளை ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலவிடு என்பது. 1943இல் பொல்லாக் வரைந்த ‘மியூரல்’ படத்தைப் பாருங்கள். கறுத்த செங்குத்துக் கோடுகள், அவற்றைச் சுற்றி மஞ்சளும் வெள்ளையுமாகச் சுழற்சி. ஆட்களை மட்டும் எடுத்துவிட்ட பெண்டன் சுவரோவியம் அது. 1952இல் வரைந்த ‘நீலக் கம்பங்கள்’ படத்தில் அந்தத் தண்டுகள் வெளியிலேயே வந்து நிற்கின்றன.

மெக்சிகோ ஓவியர் சிகெய்ரோஸ் 1936இல் நியூயார்க்கில் நடத்திய பட்டறையிலும் பொல்லாக் இருந்தார். தொழிற்சாலை பெயின்ட்டை ஊற்றலாம், தெறிக்கலாம் என்பதை அங்கே கண்டார். இதற்கெல்லாம் யார் காசு கொடுத்தார் என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான்.

திருச்சி வாசகன் எழுதியது:

மொரான் பற்றி ஒரு சேர்க்கை. அவருடைய பெரிய ஓவியத்தைப் பார்த்துத்தான் காங்கிரஸ் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்கா ஆக்கியது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். சட்டம் கையெழுத்தானது 1872 மார்ச் 1. அந்த ஓவியம் முடிந்தது அதற்குப் பிறகு. 1871இல் ஹேடன் ஆய்வுக் குழுவோடு போன மொரானின் நீர்வண்ணப் படங்களும் வில்லியம் ஹென்றி ஜாக்சனின் புகைப்படங்களும்தான் காங்கிரஸ்காரர்களின் கண்ணில் பட்டவை.

அந்தப் பயணத்துக்கு மொரானுக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர் ஜே குக், நார்தர்ன் பசிபிக் ரயில் பாதைக்கு நிதி திரட்டியவர். ரயில் போட்டால் பயணிகள் வேண்டும், பயணிகள் வர வேண்டுமானால் பார்க்க ஓர் இடம் வேண்டும். நெய்தல் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

கார்முகில் எழுதியது:

நெய்தல் அண்ணா, நான் இதில் புதுசு. பொல்லாக், ராத்கோ எல்லோரையும் வளர்த்துவிட்டது சிஐஏ என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சோவியத் யூனியனுக்கு எதிரான பிரசாரத்துக்காக அரூப ஓவியத்தை வேண்டுமென்றே பெரிதாக்கினார்களாம். உண்மையா?

நெய்தல் எழுதியது:

கார்முகில், இதில் உண்மை உண்டு. ஆனால் வீடியோக்கள் அதைத் தலைகீழாகச் சொல்கின்றன. முதலில் நடந்த கதையைச் சொல்கிறேன்.

1946இல் அமெரிக்க வெளியுறவுத் துறை சுமார் 49,000 டாலர் செலவில் நவீன ஓவியங்களை விலைக்கு வாங்கி, வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ஜார்ஜியா ஓ’கீஃப், ஜேக்கப் லாரன்ஸ், பென் ஷான், குனியோஷி எல்லோரும் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவு பிராகாவில் நல்ல வரவேற்பும் பெற்றது. ஆனால் சொந்த ஊரில் பத்திரிகைகள், ‘உங்கள் வரிப்பணத்தில் வாங்கிய படங்கள் இவை’ என்ற தொனியில் கிளப்பிவிட்டன. காங்கிரஸ் உறுப்பினர்கள் கொதித்தார்கள். குனியோஷியின் சர்க்கஸ் பெண் படத்தை ஜனாதிபதி ட்ரூமனே கேலி செய்தார். 1947இல் பயணத்தைப் பாதியில் நிறுத்தி, 1948இல் போர் உபரிப் பொருள்களை விற்கும் துறை மூலம் மொத்தத்தையும் ஐயாயிரத்துச் சொச்சம் டாலருக்கு விற்றுவிட்டார்கள். அலபாமாவில் இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் என்று இருக்கும் கல்லூரிக்கு மட்டும் 36 படங்கள் ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குக் கிடைத்தன.

நவீன ஓவியத்தை அரசு வெளிப்படையாக ஆதரித்தால் காங்கிரஸ் விடாது என்பது இதில் தெளிவானது. ஜார்ஜ் டொண்டெரோ என்ற காங்கிரஸ் உறுப்பினர் நவீன ஓவியமே கம்யூனிசச் சதி என்று சபையில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வெளிப்படையாகச் செய்ய முடியாததால்தான் பணம் மறைவாகப் போனது. 1950இல் தொடங்கிய ‘கலாசார சுதந்திரத்துக்கான காங்கிரஸ்’ என்ற அமைப்புக்குப் பின்னால் சிஐஏ பணம் இருந்தது 1966–67இல் அம்பலமானது. அந்த அமைப்பு ஐரோப்பாவில் பத்திரிகைகளும் இசை விழாக்களும் கண்காட்சிகளும் நடத்தியது.

ஆனால் ‘அமெரிக்காவின் மிகச் சிறந்த ஓவியர் இவர்தானா?’ என்று லைஃப் பத்திரிகை பொல்லாக்கைப் பற்றிக் கேட்டது 1949 ஆகஸ்டில். கலைச் சேகரிப்பாளர் பெகி குகென்ஹைம் அவருக்கு மாதப் பணம் கொடுத்தது அதற்கும் முன்னால். செம்புலம் சொன்ன ‘மியூரல்’ அந்த அம்மாளின் வீட்டு நுழைவுக்கூடச் சுவருக்காக வரையப்பட்டது. கிட்டத்தட்ட 20 அடி நீளம் அந்தச் சுவர் தந்த அளவு. ஓவியர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். குளிர்யுத்தம் அவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 1958–59இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘புதிய அமெரிக்க ஓவியம்’ என்று எட்டு ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பியது. அதே அருங்காட்சியகத்தின் ‘அமெரிக்க ஓவியத்தின் இரண்டு பத்தாண்டுகள்’ 1967இல் புதுதில்லி லலித் கலா அகாதெமிக்கே வந்தது. விமர்சகர் கிளமெண்ட் கிரீன்பர்க் கூடவே வந்து பேசினார். அன்றைய இந்திய ஓவியர்கள் பலர் இந்தப் படங்களை நேரில் பார்த்தது அப்போதுதான்.

யாழினி எழுதியது:

மேலே வந்த பதிவுகளில் பொல்லாக்கின் மனைவியும் ஓவியருமான லீ கிராஸ்னர் பெயர் ஒரே ஒரு இடத்தில், பட்டியலில் ஒருவராக வந்திருக்கிறது. சுவரைப் பற்றிப் பேசுவதானால் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். லாங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் கிராமத்து வீட்டில் பொல்லாக் கொட்டகையை எடுத்துக்கொண்டார். கிராஸ்னர் மாடிப் படுக்கையறையில் வரைந்தார். 1940களின் கடைசியில் அவர் வரைந்த ‘சிறு உருவங்கள்’ தொடர் சிறியதாக, நெருக்கமான குறிகளால் நிரம்பியதாக இருப்பதில் அந்த அறைக்கும் பங்கு உண்டு. 1956இல் பொல்லாக் விபத்தில் இறந்த பிறகு கிராஸ்னர் கொட்டகைக்கு மாறினார். மறு வருடமே ‘பருவங்கள்’ வந்தது, சுமார் 17 அடி அகலத்தில். கை அதேதான், செம்புலம் சார். கிடைத்த சுவர்தான் மாறியது.

உக்ரைனில் பிறந்து புரூக்ளினில் வாழ்ந்த ஜேனட் சோபெல், வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்ததை பொல்லாக் பார்த்து வியந்தார் என்று கிரீன்பர்க்கே பின்னர் எழுதியிருக்கிறார். ஹெலன் ஃபிராங்கந்தாலர் 23 வயதில், 1952இல், பூச்சுப் போடாத கேன்வாஸைத் தரையில் விரித்து, நீர்த்த எண்ணெய் வண்ணத்தைத் துணிக்குள் ஊறவிட்டு ‘மலைகளும் கடலும்’ வரைந்தார். மறு வருடம் அதைப் பார்த்த மோரிஸ் லூயிஸும் கென்னத் நோலண்டும் வாஷிங்டன் திரும்பி அதே வழியில் வரைய ஆரம்பித்தார்கள். ஓர் இயக்கமே அந்த ஒரு கேன்வாஸிலிருந்து கிளம்பியது.

ஜேக்கப் லாரன்ஸைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், எனக்கு மிகப் பிடித்தவர். தெற்கு மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் ரயிலேறி வடக்கு நகரங்களுக்குப் போனதை 1940–41இல் 60 சிறு படங்களாக வரைந்தார். வயது 23. அவருடைய பெற்றோரும் அப்படி வடக்கே வந்தவர்கள்தான். ஹார்லெமில் அரசு உதவியோடு நடந்த கலை மையங்களில் கற்றவர். சிற்பி அகஸ்டா சாவேஜ் பாடுபட்டு அவரை ஃபெடரல் திட்டத்தில் சேர்த்துவிட்டார். 60 பலகைகளையும் ஒரே சமயத்தில் பரப்பிவைத்து, ஒரு நிறத்தை எடுத்து அந்த நிறம் வர வேண்டிய எல்லாப் படத்திலும் தீட்டி முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போவார். அதனால்தான் முதல் படத்தின் மஞ்சளும் ஐம்பதாவது படத்தின் மஞ்சளும் ஒரே மஞ்சள். பலகைகளுக்குப் பூச்சுப் போடவும் வாசகங்களைச் செம்மையாக்கவும் உதவியவர், பிறகு அவரை மணந்த ஓவியர் குவெண்டலின் நைட். முடிந்ததும் இரண்டு அருங்காட்சியகங்கள் வாங்கப் போட்டியிட்டு, ஒற்றைப்படை எண்கள் வாஷிங்டன் ஃபிலிப்ஸ் கலெக்‌ஷனுக்கும் இரட்டைப்படை எண்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கும் பிரிந்து போயின. ஒரு கதையை ஒன்று விட்டு ஒன்று பிரித்த அந்த ஏற்பாடு எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கோலின் ‘ஆக்ஸ்போ’ என்ற நிலக்காட்சிப் படம் 1836இல் வந்தது. பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தும் சட்டம் 1830இல் வந்தது. ஹட்சன் ஆற்றுப் பள்ளி ஆளில்லாத காடாக வரைந்த நிலம் ஆளில்லாமல் இருந்ததல்ல. 1958இல் டகோட்டா ஓவியர் ஆஸ்கர் ஹோவ், ஓக்லஹோமாவின் டல்சாவில் பூர்வகுடி ஓவியர்களுக்கென்று நடந்த போட்டிக்கு ஒரு படம் அனுப்பினார். கூர்மையான கோணங்களில் உடையும் நடனம். ‘மரபான இந்திய (அதாவது அமெரிக்கப் பூர்வகுடி) பாணியில் இல்லை’ என்று நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். பொல்லாக்கை உலகம் கொண்டாடிய அதே வருடங்களில் ஹோவ் மட்டும் பழைய மாதிரியே வரைய வேண்டுமாம். அவர் எழுதிய கோபமான கடிதத்துக்குப் பிறகு போட்டி விதி தளர்ந்தது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் பூர்வகுடி ஓவியர் ஒருவரின் ஓவியத்தை முதன்முதலாக விலைக்கு வாங்கியது 2020இல், ஜான் குவிக்-டு-சீ ஸ்மித்தின் படத்தை. யார் காசு என்று கேட்கும்போது, யாருக்குக் காசு வரவே இல்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் நெய்தல்.

பொன்வண்டு எழுதியது:

யாரும் தொடாத ஒரு சரடு இருக்கிறது: கூலிக்குப் படம் போட்டவர்கள். வின்ஸ்லோ ஹோமர் உள்நாட்டுப் போரை ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகைக்கு வரைந்து கை தேர்ந்தவர். ஆஷ்கேன் ஓவியர்களில் நான்கு பேர் பிலடெல்பியா செய்தித்தாள் ஓவியர்கள். தீ விபத்துக்கும் கொலைக்கும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அலுவலகம் திரும்பி நினைவிலிருந்து வரைய வேண்டும். அந்த வேகம் அவர்களுடைய நியூயார்க் தெருக்களில் அப்படியே இருக்கிறது. ஹாப்பர் 40 வயது தாண்டும்வரை விளம்பரப் படங்கள் போட்டுத்தான் பிழைத்தார், அந்த வேலையை வெறுத்தார். வார்ஹோல் நியூயார்க்கில் பெயர்பெற்ற காலணி விளம்பர ஓவியர். ரோசன்குவிஸ்ட் டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் நின்று பெரிய விளம்பரப் பலகைகள் வரைந்தவர். அவருடைய ‘எஃப்-111’ (1964–65) சுமார் 86 அடி நீளம், லியோ காஸ்டெல்லி கேலரி அறையின் நான்கு சுவரையும் சுற்றி வருவதற்காகவே வரைந்தது.

பாப் ஆர்ட் திடீரென்று ஐரோப்பியச் சிந்தனையிலிருந்து விழவில்லை. அமெரிக்காவில் எப்போதும் இருந்த கூலி ஓவியம் கேலரிச் சுவருக்கு ஏறியது. வார்ஹோலின் 32 சூப் டப்பாக்கள் 1962இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபெரஸ் கேலரியில், கடை அலமாரி போல ஒரு தட்டின் மேல் வரிசையாக நின்றன. ஒன்று 100 டாலர். ஐந்துதான் விலைபோயின. கேலரி நடத்திய இர்விங் பிளம் அவற்றையும் திரும்பப் பெற்று, மொத்தத்தையும் 1,000 டாலருக்குத் தவணையில் தானே வாங்கிக்கொண்டார்.

பாப் ஓவியர் லிக்டன்ஸ்டைன் விஷயத்தில் மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ‘வாம்!’ (1963) ஒரு காமிக்ஸ் கட்டத்திலிருந்து எடுத்தது. மூலத்தை வரைந்தவர் இர்வ் நோவிக். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவரின் பெயரும் அந்தப் படத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

செம்புலம் எழுதியது:

யாழினி, கிராஸ்னரின் அறை பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பணமும் சுவரும் கிடைத்த பிறகு அதை உதறியவரை என்ன செய்வது? ஃபிலிப் கஸ்டனைச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளியில் பொல்லாக்கின் சக மாணவர். இளைஞராக கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை எதிர்த்து வரைந்தவர். 1930களில் அரசுச் சுவரோவியங்கள், 1950களில் மென்மையான இளஞ்சிவப்பு அரூப ஓவியங்கள், பெரிய பெயர். 1970இல் நியூயார்க் மார்ல்பரோ கேலரியில் முகமூடி போட்ட கிளான் ஆட்கள் சுருட்டுப் பிடித்துக்கொண்டு காரில் போகும் படங்களை மாட்டினார், கேலிச்சித்திரம் போல. விமர்சகர்கள் கிழித்தார்கள். நெருங்கிய நண்பரான இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மேன் விலகிப்போனார். வியட்நாம் போர் நடக்கும்போது ஸ்டூடியோவில் உட்கார்ந்து சிவப்பை நீலத்தோடு சரிபார்த்துக்கொண்டிருக்க கஸ்டனால் முடியவில்லை.

இந்தப் படங்களை அன்று யாரும் கேட்கவில்லை. எந்தச் சுவரும் காத்திருக்கவில்லை. 2020இல் நான்கு அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்தவிருந்த அவர் கண்காட்சியையே இந்தப் படங்களுக்காகத் தள்ளிவைத்து, 2022இல்தான் திறந்தார்கள். உங்கள் இரண்டு கேள்விகளும் கஸ்டனிடம் எடுபடாது.

நெய்தல் எழுதியது:

கஸ்டனிடம் என் கேள்விகள் வேறு விதமாக வேலை செய்கின்றன, செம்புலம். அவர் எதை இழக்கத் தயாராக இருந்தார் என்று அளக்க, அன்று அரூப ஓவியத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தெரிய வேண்டும். ராத்கோவும் அப்படித்தான். 1958இல் சீகிராம் கட்டடத்தின் ஆடம்பர உணவகத்துக்குச் சுவரோவியங்கள் வரைய ஒப்புக்கொண்டார். பிறகு அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். அந்தச் சுவர் தன் படங்களுக்கு வேண்டாம் என்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் படங்களில் ஒன்பது இன்று பிரிட்டனின் டேட் அருங்காட்சியகத்திடம் இருக்கின்றன. சுவரை மறுத்ததும் அந்தப் படங்களின் வரலாறுதான்.

ஆனால் ஈக்கின்ஸிலிருந்து ஹாப்பர், பெண்டனிலிருந்து பொல்லாக் என்று நீங்கள் போட்ட கோடு என் சட்டகத்துக்குள் அடங்காது. அதைத் தனி இழையாகவே எழுதுங்கள். யாழினியின் கேள்வியை நான் முதல் பதிவின் மூன்றாவது கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.

கார்முகில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஊரில் இருந்தபடியே, செலவில்லாமல் எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம் அக்கா?

யாழினி எழுதியது:

லாரன்ஸிலிருந்து ஆரம்பிங்க கார்முகில். 60 படங்களும் ஃபிலிப்ஸ் கலெக்‌ஷன், நவீனக் கலை அருங்காட்சியகம் இரண்டின் தளங்களிலும் இருக்கின்றன. சிறிய படங்கள், டெம்பரா என்ற பளபளப்பில்லாத வண்ணம், தட்டையான நிறங்கள் என்பதால் திரையில் பார்ப்பதால் பெரிய இழப்பு இல்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள வாசகம் தொடரின் பாதி, அதை விட்டுவிடாதீர்கள். அடுத்ததாக மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் ‘ஆண்டிஸின் இதயம்’ படத்தைப் பெரிதாக்கி, இடது கீழ் மூலையிலிருந்து மெதுவாக நகர்த்துங்கள். சிலுவைக்கு முன்னால் இருக்கும் இரண்டு ஆட்களைக் கண்டுபிடித்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள். ராத்கோவை மட்டும் கைபேசியில் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள்.